பென்ஸ் மூணு சக்கர வண்டி மாடல்: பெல்ட் டிரைவ் ஓட ஆரம்பிச்சாச்சு

ஃப்ரேமும் சக்கரமும் ஏற்கனவே முடிஞ்சு ஓரமா நிக்குது, இப்போ டிரைவ் சைடும் சுத்த ஆரம்பிச்சிருச்சு, அதான் எழுதிடலாம்னு. புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி: கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29-ம் தேதி பேட்டன்ட்டுக்குப் போட்டாரே, ஜெர்மனில மான்ஹைம்ல செஞ்ச அந்த மூணு சக்கர மோட்டார் வண்டி, அதோட எட்டுல ஒரு பங்கு சைஸ் மாடல் இது. நெஜ வண்டி சுமார் 2.7 மீட்டர் நீளம், என்னோடது 34 சென்டிமீட்டர் கிட்ட. எஞ்சின் டம்மிதான், உள்ள ஒரு சின்ன கியர் மோட்டாரை ஒளிச்சு வச்சிருக்கேன். நெஜத்துல அது 954 சிசி சிங்கிள் சிலிண்டர், அதை இந்த சைஸுக்கு சுருக்குனா 2 சிசி கூட வராது, அதுல வால்வு ஸ்பார்க் எல்லாம் வச்சு ஓட்டுற பொறுமை எனக்கு கிடையாது.

எல்லாரும் இந்த வண்டின்னா எஞ்சினைப் பத்தித்தான் பேசுவாங்க. செஞ்சு பாத்தா எனக்கு ரொம்ப புடிச்சுப் போனது பெல்ட்டுதான். இந்த வண்டில கிளட்சும் கிடையாது, மாத்துறதுக்கு கியரும் கிடையாது. எஞ்சின் பின்னாடி படுத்துக்கிட்டு இருக்கு, அதோட கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன் சுத்திவிடுற தண்டு) செங்குத்தா நிக்குது, அங்கிருந்து பெவல் கியர் (சுத்தலை மூலை திருப்பிக் குடுக்குற சாய்வுப் பல் சக்கரம்) வழியா ஒரு படுக்கை ஷாஃப்ட், அதுல ஒரு அகலமான புல்லி, அதுலேர்ந்து தோல் பெல்ட் சீட்டுக்கு அடியில இருக்குற கவுண்டர் ஷாஃப்ட்டுக்கு, அதாவது செயின் வழியா பின் சக்கரத்தை சுத்துற நடு ஷாஃப்ட்டுக்குப் போகுது. அங்க ரெண்டு புல்லி பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு ஷாஃப்ட்டோட சேந்தது, இன்னொண்ணு சும்மா சுத்துற லூஸ் புல்லி. பெல்ட் லூஸ் புல்லில இருந்தா எஞ்சின் ஓடும், வண்டி நிக்கும். லீவரை முன்னாடி தள்ளுனா பெல்ட் பக்கத்து புல்லிக்கு நகரும், வண்டி கெளம்பும். பின்னாடி இழுத்தா பழையபடி லூஸ், இன்னும் இழுத்தா பிரேக். மொத்த வண்டிக்கும் ஓட்டுறவர் கையில இந்த ஒரு லீவரும் ஸ்டியரிங் கைப்பிடியும்தான் முக்கியம்.

புல்லி கடைஞ்சு வாங்க லேத் பட்டறைக்குப் போனப்ப, அங்க இருந்த அண்ணன் படத்தைப் பாத்த உடனே சிரிச்சிட்டார். "தம்பி, இது எங்கப்பா காலத்து லைன் ஷாஃப்ட் மாதிரில்ல இருக்கு, ஒரே மோட்டார், மேல ஷாஃப்ட், ஒவ்வொரு மிஷினுக்கும் பெல்ட்டை தள்ளிவிட்டா ஓடும், இழுத்துவிட்டா நிக்கும்"னார். அதேதான். பென்ஸ் அதுக்கு முன்னாடி செஞ்சுக்கிட்டு இருந்ததே பட்டறைகளுக்கு வைக்கிற ஒரே இடத்துல நிக்கிற கேஸ் எஞ்சின்தான், அந்த உலகத்துல இருந்த பெல்ட்டை அப்படியே தூக்கி வண்டிக்குள்ள வச்சிருக்கார். சக்கரம் கம்பி ஸ்போக்ஸ் வச்ச சைக்கிள் சக்கரம். டிஃபரென்ஷியல் (திருப்பத்துல ரெண்டு பின் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) கூட புதுசில்ல, இங்கிலாந்துல ஜேம்ஸ் ஸ்டார்லி 1877-லயே மிதிக்கிற டிரைசைக்கிள்ல போட்டுட்டார்.

பெல்ட்டு விஷயத்துல அந்த அண்ணன் சொன்ன ரெண்டு சங்கதி இல்லேன்னா நான் இன்னும் முழிச்சுக்கிட்டுதான் இருப்பேன். ஒண்ணு, கவுண்டர் ஷாஃப்ட்ல இருக்குற ரெண்டு புல்லில ஒவ்வொண்ணுக்கும் அதோட அகலத்துக்கு நடுவுல லேசா ஒரு மேடு விடணும், பாத்தா தெரியவே தெரியாது, விரலை ஓட்டுனாத்தான் தெரியும். பெல்ட் எப்பவும் அந்த மேட்டுக்கு ஏறி நடுவுல உக்காந்துக்கும், கீழ விழாது. ஆனா எஞ்சின் பக்க புல்லி மட்டும் தட்டையா, ரெண்டு பெல்ட் அகலத்துக்கு இருக்கணும், அங்கயும் மேடு வச்சா பெல்ட் நகர மாட்டேன்னு அடம்புடிக்கும். ரெண்டாவது, பெல்ட்டைத் தள்ளுற ஃபோர்க்கை கவுண்டர் ஷாஃப்ட் புல்லிக்குள்ள பெல்ட் நுழையுற பக்கத்துல வைக்கணும், வெளிய வர்ற பக்கத்துல வச்சா எவ்ளோ அமுக்குனாலும் உள்ள வர்றது பழைய எடத்துலயேதான் ஏறும். நின்னுக்கிட்டு இருக்கும்போதும் நகராது, சுத்திக்கிட்டு இருந்தாத்தான். இதை கையால ஒரு தடவை செஞ்சு பாருங்க, லீவரை மெதுவா தள்ளும்போது பெல்ட் பாதி இங்க பாதி அங்க நின்னு கொஞ்சம் வழுக்கி, அப்புறம் கப்புனு புடிக்கும். நிமிஷத்துக்கு 400 சுத்து மட்டும் சுத்துற, முக்கால் குதிரைசக்தி கூட சரியா வராத, ஒவ்வொரு வெடிக்கும் உதறுற எஞ்சினுக்கு இந்த வழுக்கல் எவ்ளோ தேவைன்னு அப்பத்தான் புரியுது.

பெல்ட்டுக்கு பஸ் ஸ்டாண்டு கிட்ட செருப்பு தைக்கிறவர்கிட்ட மெல்லிசு தோல் வாங்குனேன். ரெண்டு முனையையும் சாய்வா சீவி, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, உப்புத்தாள் போட்டு தேய்ச்சா ஜாயின்ட் தட்டாம ஓடும். மேல வர்ற முனை ஓடுற திசையைப் பாத்துக்கிட்டு இருந்தா ஃபோர்க்ல மாட்டி உரியும், அதை மட்டும் கவனிச்சுக்கோங்க.

தோல்னா பெர்த்தா பென்ஸை சொல்லாம எப்படி. 1888 ஆகஸ்ட்ல அந்தம்மா ரெண்டு பசங்களையும் கூட்டிக்கிட்டு மான்ஹைம்லேர்ந்து ஃபோர்ட்ஸ்ஹைம்க்கு, 100 கிலோமீட்டருக்கு மேல, ஓட்டிட்டுப் போனாங்க, வழில வீஸ்லோக் ஊர் மருந்துக்கடைல லிக்ராய்ன் (பெட்ரோல் மாதிரி ஒரு திரவம், அதுதான் இந்த வண்டிக்கு எரிபொருள்) வாங்கி ஊத்துனாங்க, பிரேக் கட்டை தேஞ்சதும் ஒரு செருப்பு தைக்கிறவரை வச்சு தோல் அடிச்சுக்கிட்டாங்க. மேட்டுல எறங்கித் தள்ள வேண்டியதாச்சு. அதுக்கப்புறம்தான் பென்ஸ் மேடு ஏற இன்னொரு கியர் சேத்தார். ஊர் சுத்திக் காட்டுனதுன்னு இதை விளம்பரக் கதையாவே சொல்றாங்க, எனக்கென்னவோ இது அந்த வண்டிக்கு நடந்த முதல் ஒழுங்கான டெஸ்ட்.

ஃப்ளைவீல், அதான் எஞ்சின் சீரா சுத்துறதுக்கு கிராங்க் ஷாஃப்ட்ல மாட்டுற கனமான சக்கரம், அதைப் பத்தியும் ஒண்ணு. நெஜ வண்டில அது படுக்கையா, தட்டு மாதிரி கெடக்கும். நிக்க வச்சா திருப்பத்துல ஸ்டியரிங்கை பாதிக்கும்னு பென்ஸுக்கு பயம். என்னோட பிராஸ் ஃப்ளைவீலை தனியா ஒரு கம்பில மாட்டி டிரில்லுல வேகமா சுத்தவிட்டு கையில புடிச்சுக்கிட்டு திரும்பிப் பாத்தேன். படுக்கையா இருந்தா ஒண்ணுமே தெரியல, நிக்க வச்சு திரும்புனா மணிக்கட்டை ஒரு பக்கமா சாய்க்குது. அப்போ அவர் பயம் நியாயம்தான், ஆனா 400 சுத்துல, 16 கிலோமீட்டர் வேகத்துல அது பெரிய தொந்தரவா இருந்திருக்காதுன்னுதான் நெனைக்கிறேன். அவரே பின்னாடி வந்த வெலோ வண்டில நிக்க வச்சுட்டார்.

டிஃபரென்ஷியலுக்கு ஒரு பழைய ரிமோட் பொம்மைக் கார்லேர்ந்து கழட்டுனது, செயின் ஆன்லைன்ல வாங்குனது, ரெண்டும் பிரச்சனை இல்லாம உக்காந்துருச்சு. இப்போ வண்டி மேஜை மேல லீவர் தள்ளுனா போகுது, இழுத்தா நிக்குது. பிரேக் கட்டை மட்டும் பாக்கி, அதுக்கும் அதே தோல்ல மிச்சம் இருக்கு. அப்புறம் சிலிண்டர் மேல தண்ணி டப்பா வைக்கணும், ரேடியேட்டர் இல்லாம தண்ணி கொதிச்சு ஆவியாப் போயே எஞ்சினை ஆத்துன சிஸ்டம் அது, அதை செம்புத் தகடுல மடிக்கலாமா இல்ல பைப்பை வெட்டிக்கலாமான்னு இன்னும் முடிவு பண்ணல. செம்பு சால்டரிங் பழக்கம் இருக்குறவங்க சொல்லுங்க.