நடுவில் ஒரு வெற்றுத் தாள்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு கிடங்கு அலுவலகம். அங்கே பிரிண்டர்களுக்கு வேலையை அனுப்பிவைக்கும் பிரிண்ட் சர்வராக இருந்தது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. அதற்கான ஆதரவு 2023 அக்டோபர் 10ஆம் தேதியோடு முடிந்துவிட்டாலும், பெட்டி என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. லைசென்ஸ் செலவு வேண்டாம், லினக்ஸுக்கு மாற்றிக் கொடு என்றார்கள். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து, லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸும், விண்டோஸ் கணினிகளை அதோடு இணைக்கும் சாம்பாவும் போட்டேன்.

கணக்குப் பிரிவு லேசர் பிரிண்டர் முதலிலேயே முறைத்தது. %! என்று தொடங்கும் புரியாத வரிகளைப் பக்கம் பக்கமாகத் துப்பியது. தப்பு என்னுடையது. பிரிண்ட் வரிசையை 'ரா' என்று, அதாவது வருவதை மாற்றாமல் அனுப்பும்படி வைத்திருந்ததால், கணினி அனுப்பிய போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிரிண்டர் மொழி அப்படியே போய்ச் சேர்ந்தது. அந்தப் பிரிண்டருக்கோ பிசிஎல் என்ற வேறு மொழி மட்டும்தான் தெரியும். வரிசைக்கு, பிரிண்டரின் மொழிக்கு மாற்றிக் கொடுக்கும் டிரைவர் மென்பொருளைக் கொடுத்ததும் அடங்கியது. அப்புறம் 'லெட்டர்' தாள் வேண்டும் என்று அடம். சர்வரை நிறுவும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன், அதோடு அமெரிக்கத் தாள் அளவும் வந்துவிட்டது. சிங்கப்பூரில் லெட்டர் தாளுக்கு எங்கே போவது? ஏ4 என்று மாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை டெஸ்பாட்ச் கவுண்டரிலிருந்து போன்.

"தம்பி, ஒரு டிஓ அடிச்சா கூடவே ஒண்ணு வெறுமனே வருது. வந்து பாருங்க."

அந்தக் கவுண்டரில் இன்னும் ஊசிகளால் தட்டி அச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். மூன்று பிரதி தொடர்தாள், ஒவ்வொரு டெலிவரி ஆர்டரிலும் (டிஓ) வரிசை எண் ஏற்கனவே அச்சாகி இருக்கும். வெற்றுத் தாள் ஒன்று வெளியே வந்தால் ஒரு எண் போச்சு என்று அர்த்தம். வெளியே இரண்டு லாரிகள் காத்திருந்தன.

நான் நெட்வொர்க் பார்த்தே பழகியவன். எது நின்றாலும் முதலில் வயரைத்தான் சந்தேகப்படுவேன். பிரிண்டர் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பிங் போட்டேன், பதில் வந்தது. பிரிண்டர் வேலையை வாங்கும் 9100 போர்ட் திறந்திருந்தது. கட்டளை வரியிலிருந்து நாலு வரி எழுத்தை நேரே பிரிண்டருக்கு அனுப்பினேன், அழகாக அச்சானது. சர்வர் லாகிலும் ஒரு குறையும் இல்லை. இப்படியே ஒரு மணி நேரம் போனது. இதற்குள் போன் செய்த கவுண்டர் அக்கா, அச்சான டிஓவைத் தனியாகவும் வெற்றுத் தாளைத் தனியாகவும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இது அரைத் தாள் தம்பி. முன்னாடி இருந்தவர் சர்வர் ரூம்ல போய் ஏதோ அளவு போட்டுட்டு வந்தாரு. அதுக்கு முன்னாடியும் இப்படித்தான் வந்துச்சு."

அப்போதுதான் உறைத்தது. பழைய சர்வரை அழிக்காமல் ஓரமாக வைத்திருந்தேன், நல்லவேளை. அதை ஆன் செய்து, பிரிண்ட் சர்வர் பண்புகளில் தாள் அளவுகள் இருக்கும் ஃபார்ம்ஸ் பட்டியலைத் திறந்தால், நடுவில் 'டிஓ ஹாஃப்' என்று ஒன்று: அகலம் 9.5 அங்குலம், உயரம் 5.5. இது எந்தக் கையேட்டிலும் இல்லை, எனக்குக் கொடுத்த ஆவணத்திலும் இல்லை. விண்டோஸ் சர்வர் இருந்தவரை கவுண்டர் கணினிகளுக்கு இந்த அளவு அங்கிருந்தே கிடைத்திருக்கிறது. இப்போது டிரைவர் அந்தந்தக் கணினியில் இருக்கிறது. அங்கே அப்படி ஒரு பெயரே கிடையாது. டிஓ அடிக்கும் மென்பொருள் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், வழக்கமான 11 அங்குலத்தை எடுத்துக்கொண்டது. 5.5 அச்சாகும், மிச்சம் 5.5 சும்மா தள்ளப்படும். அதுதான் அந்த வெற்றுத் தாள்.

கவுண்டரில் இரண்டு கணினிகள். இரண்டிலும் அதே பெயரில், ஓர் எழுத்தும் பிசகாமல், அதே அளவைப் போட்டேன். அடுத்த டிஓ வெளியே வந்து, துளைகளுக்கு நடுவே உள்ள கிழிக்கும் கோட்டில் கச்சிதமாக நின்றது. அக்கா கிழித்து லாரி டிரைவரிடம் நீட்டினார்.

"சரி, இதுக்கு யார் பதில் சொல்றது?" என்று வெற்றுத் தாள் அடுக்கைக் காட்டினார். எண்ணிப் பார்த்தோம், 17. ஒவ்வொன்றிலும் 'ரத்து' முத்திரை குத்தி என் பக்கம் தள்ளினார். மூன்று பிரதி என்பதால் பேனாவை நன்றாக அழுத்தித்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.