வரைபடத்தில் இல்லாத கிணறு

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர் வீட்டு வரவேற்பறையில் வெள்ளி இரவுகளில் நாங்கள் ஐவர் கூடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற, கதாபாத்திரங்களை ஏற்று ஆடும் கதை விளையாட்டை ஆடுவது வழக்கம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, 1974-இல் வெளிவந்த இந்த ஆட்டத்திற்குத் தாளும் பென்சிலும் பகடைகளும் போதும். மற்றதெல்லாம் கதை நடத்துபவரின் வாய்ச்சொல்லும் கேட்பவர்களின் மனக்கண்ணும்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, இணையத்தில் வரைபடம் விரித்து இந்த ஆட்டத்தை ஆட உதவும் ரோல்20 தளத்திற்கு மாறினோம். அது இல்லையென்றால் எங்கள் குழு அப்போதே கலைந்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டத்திற்கு ஐந்தடி என்று தூரத்தை அதுவே அளந்துவிடுவதால் சண்டைக் காட்சிகளில் எங்கள் வாக்குவாதமும் குறைந்தது. நேரில் கூடத் தொடங்கிய பிறகும் அந்த வரைபடங்களைத் தொலைக்காட்சித் திரையில் போட்டே ஆடினோம்.

சென்ற வாரம் ஆட்டத்தின் நடுவே இணையம் அறுந்தது. அதுவரை திரையை விட்டுக் கண்ணெடுக்காதிருந்த தம்பி ஒருவர், “அண்ணே, இந்தக் கோயில் முற்றத்தில் கிணறு இருக்குமா?” என்று கதை நடத்திக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார். வரைபடத்தில் கிணறு கிடையாது. ஆனாலும் இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாசி படிந்த படிகள், அறுந்து தொங்கும் கயிறு, அடியிலிருந்து யாரோ இருமும் ஓசை என்று சொல்லிக்கொண்டே போனேன். (இருமியது யாரென்று அப்போது எனக்கே தெரியாது.) தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) ஆறி ஆடை படர்ந்ததைக்கூட எவரும் கவனிக்கவில்லை.

இணையம் திரும்பியபோது திரையை அணைத்துவைக்கச் சொன்னவர், அந்தத் தொலைக்காட்சியை இதற்கென்றே வாங்கிய வீட்டுக்காரர்தான்.