மிக்ஸரில் இருந்து எடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன்

சின்ன இடங்களில் வாசிக்கும் இசைக்குழுவை ஒழுங்காகப் பதிவு செய்ய எனக்கு நாலு நிகழ்ச்சி ஆயிற்று. முதல் தடவை போனில் எடுத்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கிக் டிரம் விழும்போதெல்லாம் பாட்டு அமுங்கி அமுங்கி எழுந்தது. போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைத்த லட்சணம்.

அப்புறம் நாலு டிராக் ரெக்கார்டர் ஒன்று, அதாவது நாலு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் கருவி, வாங்கினேன். சவுண்ட் பார்ப்பவரிடம் கேட்டு மிக்ஸரின் (மைக்குகளின் சத்தத்தையெல்லாம் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) அவுட்டை நேராக அதில் சொருகினேன், ஹெட்போனில் குரல் கண்ணாடி மாதிரி கேட்டது, வேலை முடிந்தது என்று நிம்மதியாக ஒரு காபி குடித்தேன். வீட்டில் போட்டால் குரல் காதுக்குள், டிரம்ஸ் பக்கத்து வீட்டில், லீட் கிட்டார் ஆளையே காணோம். யோசித்தால் காரணம் எளிது. சின்ன அறையில் டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் தாமாகவே காதைப் பிளக்கும், அதனால் சவுண்ட் பார்ப்பவர் ஸ்பீக்கரில் ஏற்றுவது பெரும்பாலும் குரலைத்தான். அறையில் எது போதவில்லையோ அதுதான் மிக்ஸரில் வரும்.

மூன்றாவது தடவை மிக்ஸரே வேண்டாம் என்று பின்சுவர் ஓரமாக மைக்கை வைத்தேன். சுவரை ஒட்டி பேஸ் குவிந்து ஒரே குழைசல். முன்னால் நின்ற இரண்டு பேர் வேலை மாறுவதைப் பற்றிப் பேசியது மட்டும் ஒரு சொல் விடாமல் பதிவாகியிருந்தது.

சரி, இரண்டையும் சேர்த்தே எடுப்போம் என்றுதான் நாலாவது. மேடையிலிருந்து 5 மீட்டரில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, ஆட்கள் தலைக்கு மேல் உயரும்படி ஸ்டாண்டைத் தூக்கி, ரெக்கார்டரின் எக்ஸ்-ஒய் மைக்குகளால் (ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய ஸ்டீரியோ ஜோடி) அறையை எடுத்தேன். மிக்ஸர் லைன் இன்புட்டில். அதற்கு முன், சில மைக்குகளுக்குக் கேபிள் வழியே போகும் மின்சாரமான 48 வோல்ட் பாண்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். பதிவு 24 பிட் தரத்தில், போன் செய்த மாதிரி தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ லெவல் ஆஃப். சவுண்ட் செக்கில் உச்சம் மைனஸ் 18 டெசிபலில் நிற்கும்படி வைத்தேன் (பூஜ்யத்தைத் தாண்டினால் ஒலி உடையும்), ஏனென்றால் கூட்டம் வந்ததும் வாசிப்பவர்கள் எல்லோரும் கூடுதலாக அடிப்பார்கள். அடித்தார்கள், மைனஸ் 11 வரை போனது.

வீட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டதும் குரல் இரட்டையாகக் கேட்டது. ஒலி ஒரு மீட்டர் கடக்கச் சுமார் 3 மில்லி செகண்ட், ஆகவே என் மைக்குக்கு 15 மில்லி செகண்ட் தாமதமாக வருகிறது. டிரம்மர் தொடங்கும்போது குச்சிகளைத் தட்டி எண்ணுவாரே, அந்த முதல் தட்டைத் திரையில் பெரிதாக்கி, மிக்ஸர் டிராக் அவ்வளவு தாமதமாகத் தொடங்கும்படி தள்ளினேன். சட்டென்று பாடகர் அறைக்குள் வந்து நின்றார். அறை மைக்கே முழுப்பாட்டும், மிக்ஸர் குரலுக்குக் கொஞ்சம் எலும்பு கொடுக்கும் அளவுக்கு மட்டும்.

கேட்டுவிட்டுப் பாடகர் குரலைக் கூட்டச் சொன்னார், கிட்டார்காரர் கிட்டாரை. குரலை ஒரு டெசிபல் ஏற்றி, இருவருக்கும் அதையே அனுப்பினேன். யாரும் மறுபடி கேட்கவில்லை.