ஓட்டுக்கு அடியில்: ஒரு வரிசை வீட்டின் வேலைக் குறிப்பு

மார்ச் 8
சிங்கப்பூர், சிராங்கூன் கார்டன்ஸ். 1950களில் கட்டிய வரிசை வீடு. வேலை: வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தைக் குறைப்பது. இருபுறமும் பொதுச்சுவர். ஆகவே வெயில் இறங்கும் வழி மூன்றுதான்: முன்பக்கம், பின்பக்கம், கூரை. 1991க்கு முந்தைய கட்டடம் என்பதால், எதையும் உடைக்குமுன் தகுதிபெற்றவர் வந்து கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டா என்று பார்க்கவேண்டும். முடிவு வரும்வரை பின்கட்டுக் கூரைத் தகட்டில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாது.

மார்ச் 22
பங்குனி வெயில். இந்த வாரம் சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு நேர்மேலே வருவது பிற்பகல் 1.10 வாக்கில். 2 மணிக்கு மாடி அறையில் அளந்தோம்: சுவர் 31 டிகிரி, சீலிங் 39. அறைக் காற்றைக் குளிர்வித்தாலும் சீலிங் தலைமேல் அனல் வீசிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இப்படிப்பட்ட அறைகளில் ஏர்கானை 20க்கு இறக்கிவிடுகிறார்கள். முதல் செலவு கூரைக்கே.

மார்ச் 26
ஓடுகளைக் கழற்றியாயிற்று. ஓடுகளைத் தாங்கும் உளுத்த ரீப்பர்களை மாற்றி, கைமரத்தின்மேல் (கூரையின் சாய்வு மரம்) அலுமினிய ஃபாயில் விரித்தோம். பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருக்கவேண்டும். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து பயன் குறைந்துவிடும். ஃபாயில்மேல் 25 மி.மீ. கட்டை அடித்து, அதன்மேல் ரீப்பர். ஓடு ஃபாயிலைத் தொட்டால் வெப்பம் நேராக இறங்கிவிடும். இந்த இடைவெளியில் சூடான காற்று முகட்டுப் பக்கம் ஏறி வெளியேறும். இணைப்புகளில் மேல்விரிப்பு கீழ்விரிப்பின்மேல் 150 மி.மீ. ஏறியிருக்கவேண்டும். அப்போதுதான் ஓடு உடைந்தாலும் மழைநீர் வழிந்து கூரை ஓரத்துப் பீலிக்குப் போகும்.

சீலிங்குக்கு மேலே 50 மி.மீ. ராக்வூல் (வெப்பம் தடுக்கும் கல்பஞ்சு), கனமீட்டருக்கு 60 கிலோ அடர்த்தி. அமுக்கித் திணித்தால் தடிப்பு குறையும், தடுப்பும் குறையும்.

ஃபாயிலை அகச்சிவப்பு வெப்பமானியால் நேரடியாக அளந்து ஏமாறவேண்டாம். பளபளப்பு காரணமாக அது தவறாகக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி, டேப்பை அளக்கவேண்டும்.

மார்ச் 30
ஏர்கான் ஓடும் படுக்கையறைகளில் மட்டும் பழைய கண்ணாடிப் பட்டை ஜன்னல்களை எடுத்துவிட்டு, ரப்பர் விளிம்புள்ள ஜன்னல் கதவு வைத்தாயிற்று. கூடத்திலும் மாடிப்படியிலும் பட்டை ஜன்னலே இருக்கட்டும். முன்னும் பின்னும் காற்றோடும் நீண்ட வீட்டுக்கு அதைவிட நல்லது இல்லை.

ஏப்ரல் 5
ஏர்கான் குழாய். குளிர்நாட்டுக் கையேடுகள் நீராவித் தடுப்பை (ஈரம் புகாமல் தடுக்கும் படலம்) அறையின் உட்பக்கம் போடச் சொல்லும். இங்கே ஈரம் வெளியிலிருந்து உள்ளே வருகிறது. ஆகவே தடுப்பு வெளிப்பக்கம், சூடான பக்கம். நம் வெளிக்காற்றின் ஈரம் 24, 25 டிகிரியிலேயே நீராய்ப் படியும். 10 டிகிரிக் குழாய்மேல் மெல்லிய உறை இருந்தால் சீலிங்கில் கறை நிச்சயம். 25 மி.மீ. உறை போட்டோம். வேலை கெடுவது பெரும்பாலும் இணைப்பில்தான். பசை தடவாமல் டேப் மட்டும் சுற்றினால் சில மாதங்களில் பிரிந்துவிடும். வடிகுழாய்க்கு மீட்டருக்கு 1 செ.மீ. சாய்வு.

12 சதுர மீட்டர் அறைக்கு 9,000 பிடியு (குளிர்விக்கும் திறனின் அளவு), மின்சிக்கன முத்திரையில் ஐந்து டிக் உள்ளது போதும். பெரியது வாங்கினால் சட்டென்று குளிர்ந்து நின்றுவிடும், காற்றின் ஈரம் வற்றாது; அறை சில்லென்று, ஆனால் பிசுபிசுவென்று இருக்கும்.

ஏப்ரல் 12
அதே 2 மணி, அதே வெயில். சீலிங் 33. காற்றாடியோடு ஏர்கான் 25இல் போதுமானதாக இருக்கிறது. சூரியசக்தித் தகடு அடுத்த ஆண்டு. ஆனால் அதற்கான கொக்கிகளை ஓடு மாட்டும்போதே கைமரத்தில் முடுக்கியாயிற்று. பிறகு போட்டால் ஃபாயில் கிழியும்.