பேச்சு தாமதமானால் காத்திருக்க வேண்டாம்: அமெரிக்காவில் எங்கள் அனுபவம்

அமெரிக்கா வந்து வீடு, வேலை எல்லாம் ஓரளவு நிலைப்பட்ட நேரத்தில்தான் மகனுக்கு 18 மாதச் செக்கப் வந்தது. குழந்தை மருத்துவர் ஒரு தாளை நீட்டினார். எம்-சாட் என்பார்கள், ஆட்டிசத்தின் அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும் 20 கேள்விகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? எதையாவது உங்களுக்குக் காட்ட விரல் நீட்டுகிறானா? இல்லை என்று எழுத மனம் வரவில்லைதான். ஆனாலும் உள்ளதை உள்ளபடி எழுதினோம்.

போனில் மாமியார், "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தாம்மா பேசும், உன் வீட்டுக்காரனும் அப்படித்தான்" என்றார். அன்பில் சொன்னது, அதில் உண்மையும் உண்டு. தாமதமாகப் பேசத் தொடங்கி மற்றவர்களை எட்டிப் பிடிக்கும் குழந்தைகள் நிறைய. ஆனால் எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதோடு, எங்களை உறுத்தியது வார்த்தை வராதது மட்டுமல்ல. அலமாரியில் இருக்கும் டப்பா வேண்டுமென்றால், என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், என் கையை அந்த டப்பாமேல் வைப்பான். பார்வை டப்பாவிலேயே இருக்கும், என் முகத்துக்கு வராது.

முதலில் காது கேட்கும் பரிசோதனை. அது சரியாக இருந்தது. அப்புறம் எர்லி இன்டர்வென்ஷன். வளர்ச்சியில் தாமதமுள்ள, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான இந்த உதவிச் சேவை, ஐடிஇஏ என்ற மத்திய சிறப்புக் கல்விச் சட்டத்தின்கீழ் வருகிறது. மாநிலத்துக்கு மாநிலம் பெயர் மாறும். கலிபோர்னியாவில் ரீஜினல் சென்டர் மூலம் நடக்கிறது. புதிதாக வந்தவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்: மருத்துவரின் கடிதம் இல்லாமல் பெற்றோரே போன் செய்து கேட்கலாம். மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது. கேட்டதிலிருந்து 45 நாளுக்குள் மதிப்பீட்டையும், தகுதி இருந்தால் திட்டம் வகுக்கும் முதல் கூட்டத்தையும் முடிக்க வேண்டும் என்பது விதி. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள். தெரபிக்குச் சில மாநிலங்களில் வருமானத்துக்கேற்பக் கட்டணம் உண்டு.

மகனை மதிப்பிட வந்தவர் தரையில் உட்கார்ந்தார். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ஒன்றை ஓடவிட்டார். அது நின்றதும் பேசாமல் காத்திருந்தார். மகன் அதை எடுத்து அவர் கையில் வைத்தான். "கேட்கிறான் பாருங்கள், இதிலிருந்து தொடங்கலாம்" என்றார். அவன் தமிழில் சொல்லும் ஒன்றிரண்டு வார்த்தைகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஆட்டிசமா இல்லையா என்பதை அவர் சொல்லவில்லை. அதற்கு வளர்ச்சிநிலைக் குழந்தை மருத்துவரோ உளவியலாளரோ பார்க்க வேண்டும், காத்திருப்புப் பட்டியலும் நீளம். ஆனால் தெரபிக்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வளர்ச்சித் தாமதம் மாநில அளவுகோலுக்குள் வந்தாலே போதும். எங்களுக்கு அப்படித்தான் ஸ்பீச் தெரபி கிடைத்தது.

இடையில் டேகேரில் ஒருவர், வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ வருவதில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள். தாத்தா பாட்டியின் பேச்சையும் நான் யோசிக்காமல் கொஞ்சும் கொஞ்சலையும் அவனிடமிருந்து பறித்துவிட்டு, தட்டுத்தடுமாறி வரும் என் ஆங்கிலத்தைக் கொடுப்பதில் என்ன நியாயம்? தெரபிஸ்ட்டும் எங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே பேசச் சொன்னார்.

தெரபியில் பாதிக்கு மேல் எங்களுக்கான பயிற்சிதான். "இது என்ன, சொல்லு" என்று கேட்டு நெருக்கக் கூடாது. அவன் விளையாடுவதையே நாமும் விளையாடி, ஒன்றிரண்டு சொல்லில் பேசிவிட்டு, அவனுக்கு நேரம் கொடுக்க வேண்டும். டப்பாவைக் கொடுக்கும் முன் "திற" என்று சொல்லிக் காத்திருப்பேன். இப்போது பல நாள் "தெ" என்கிறான், சில நாள் என் முகத்தையும் பார்க்கிறான்.

மூன்று வயதானதும் பொறுப்பு பள்ளி மாவட்டத்துக்கு, அதாவது உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புக்குப் போய்விடும். அதற்கான மாற்றத் திட்டம் பிறந்தநாளுக்குக் குறைந்தது 90 நாள் முன்பே தயாராக வேண்டும். அந்தக் கூட்டத்துக்காக ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.