பேட்ஜ் தைக்கிற ராத்திரி

"அம்மா, நாளைக்குக் காலைல இது சட்டையில இருக்கணும்."

சாரணியர் சட்டையையும் பேட்ஜுகளையும் என் மடியில் போட்டுவிட்டு மகள் தூங்கப் போய்விட்டாள். இந்தத் தகவல் எந்த வீட்டிலும் சாயங்காலம் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இஸ்திரி போட்டாலே ஒட்டிக்கொள்ளும் பசை பேட்ஜ்தான். ஒட்டும், நாலு சலவைக்கு. அப்புறம் ஓரம் தூக்கிக்கொள்ளும். பாலியஸ்டர் கலந்த துணியில் சூட்டைக் கூட்டவும் முடியாது, பளபளத்துப் போகும். நகராமல் பிடித்து வைக்கப் பசை, நிலைத்து நிற்க ஊசி. அவ்வளவுதான்.

நூல் சட்டை நிறத்தில் இல்லை, பேட்ஜ் ஓரத்தின் நிறத்தில். ஊசி சட்டையில் ஒரு நூலிழை மட்டும் எடுத்து, அந்தத் தடித்த ஓரத்தின் அடிப்பக்கமாக நுழைந்து வர வேண்டும். அப்படி வந்தால் தையல் ஓரத்துக்குள்ளேயே புதைந்துவிடும். இழுத்து இறுக்கினால் துணி சுருங்கி பேட்ஜ் கிண்ணம் மாதிரி குழியும்.

பாக்கெட் மேல் தைக்கும்போது உள்ளே ஓர் அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாக்கெட்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

உண்மையில் தையலை யாரும் பார்ப்பதில்லை. கோணலைத்தான் பார்ப்பார்கள். அதனால் குண்டூசி குத்தியதும் சட்டையை ஹேங்கரில் மாட்டி, தள்ளி நின்று ஒருமுறை பார்ப்பேன். மேசையில் நேராகத் தெரிவது தோளில் சரிந்து நிற்கும்.

பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள், பேட்ஜ் அப்படியே இருக்கும். அடுத்த சட்டைக்கு மாற்ற வேண்டி வரும் என்பதால் முடிச்சை எப்போதும் பேட்ஜின் கீழ் ஓரத்திலேயே போடுகிறேன். பிரிக்கும்போது தேட வேண்டாம்.