கல் இல்லாத இடங்கள்: ஏவ்பரி நடைக்குறிப்புகள்

1 ஏப்ரல் 2024, திங்கள்

ஈஸ்டர் திங்கள், விடுமுறை. இங்கிலாந்தின் ஸ்விண்டனுக்குக் குடிவந்து ஒன்றரை வருடமாகிறது. பதினோரு மைல் தள்ளி, கற்கால மனிதர் நட்ட கல்வட்டத்துக்குப் பேர்போன ஏவ்பரி கிராமத்தை இன்றுதான் போய்ப் பார்த்தோம். 49ஆம் எண் பஸ், பெரிய மண்மேட்டின் இடைவெளி வழியாக உள்ளே நுழைந்து, ஒரு பப் வாசலில் இறக்கிவிட்டது. இறங்கி நின்று "கல்வட்டம் எங்கே?" என்று தேடினால், நாங்கள் நிற்பதே வட்டத்துக்குள்தான். பப், தெரு, சில வீடுகள், மேயும் ஆடுகள் என்று எல்லாமே உள்ளே.

ஸ்டோன்ஹெஞ்சில் கல்லுக்குப் பக்கத்தில் போக விடுவதில்லை. இங்கே கேட்பாரே இல்லை. ஆடுகள் கல்லில் முதுகைத் தேய்க்கின்றன, பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிறார்கள். வட்டத்தைச் சுற்றி ஆழமான அகழி, அதற்கு வெளியே மேடு. நாலாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன் மான் கொம்பைக் கடப்பாரையாக வைத்துச் சுண்ணாம்புப் பாறையைத் தோண்டியிருக்கிறார்கள். இப்போது பாதி தூர்ந்துபோன நிலையிலேயே எட்டிப் பார்த்தால் கால் கூசுகிறது. வெட்டிய காலத்தில் ஒன்பது மீட்டருக்கு மேல் இருந்ததாம், அதுவும் வெள்ளை வெளேரென்று.

மேட்டின் மேல் பாதிச் சுற்று வந்ததும் மனைவி நின்றுவிட்டாள். "என்னங்க, இந்தப் பக்கம் கல்லையே காணோம். சிமென்ட் கட்டையா நட்டு வச்சிருக்காங்க?" எனக்கும் பதில் தெரியவில்லை. பலகையைப் படித்ததும்தான் புரிந்தது. வெளிவட்டத்தில் நூறு கல் அளவுக்கு இருந்திருக்கின்றன. இன்று நிற்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உடைக்கப்பட்ட கல் இருந்த இடத்துக்கெல்லாம் அடையாளமாக ஒரு சிமென்ட் கட்டை.

இன்னொன்று. 1871இல் வட்டத்துக்குள் மனை போட்டு வீடு கட்ட இருந்தார்கள். ஜான் லப்பக் என்ற வங்கிக்காரர் அந்த நிலத்தை வாங்கித் தடுத்துவிட்டார். அதே வருடம் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்தச் சட்டம் கொடுத்த நாட்களில் ஒன்று ஈஸ்டர் திங்கள். ஆக, அவர் கொடுத்த லீவில் அவர் காப்பாற்றிய ஊரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். பின்னாளில் பிரபுப் பட்டம் கிடைத்தபோது ஏவ்பரி என்ற பெயரையே எடுத்துக்கொண்டாராம்.

6 ஏப்ரல், சனி

பேய்க்காற்று. எங்கேயும் போகவில்லை. எக்ஸ்ப்ளோரர் 157 என்ற ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை வாங்கி மேசையில் விரித்தாயிற்று. பச்சைப் புள்ளிக்கோடெல்லாம் பொது நடைபாதை. யார் வயலாக இருந்தாலும் அதில் நடக்க நமக்கு உரிமை உண்டு. மடித்து வைக்கத்தான் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறேன்.

13 ஏப்ரல், சனி

தனியாகப் போனேன். இன்று நிற்கும் கற்களை விட்டுவிட்டு, காணாமல் போன கற்களைத் தேடுவது என்று முடிவு. தேட வேண்டியதே இல்லை, தெருவிலேயே இருக்கின்றன. வீட்டுச் சுவர்களில் சதுரம் சதுரமாக, சாம்பல் நிறத்தில், அங்கங்கே லேசாகச் சிவப்பேறி.

இந்தக் கல்லுக்கு சார்சன் என்று பெயர். மணல் இறுகிப் பாறையானது. உளி லேசில் இறங்காது. அதனால் ஊர்க்காரர்கள் வேறு வழி கண்டார்கள். கல்லைச் சுற்றிக் குழி வெட்டி, சாய்த்து, அடியில் வைக்கோலை அடைத்துக் கொளுத்துவது. கல் நன்றாகக் காய்ந்ததும் எந்த இடத்தில் விரிசல் வேண்டுமோ அங்கே குளிர்ந்த தண்ணீரை ஊற்றிச் சம்மட்டியால் ஒரே போடு. 1720 வாக்கில் வருடாவருடம் இங்கே வந்து வரைந்துகொண்டிருந்த பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி கண்ணெதிரே இது நடந்தது. அதில் முன்நின்ற டாம் ராபின்சனுக்குக் 'கல்கொல்லி' என்றே பெயர். எனக்கு ராபின்சன் மேல் முழுக்கக் கோபம் வரவில்லை. வீடு கட்டக் கல் வேண்டும். வாசலில் ஐம்பது டன் கல் சும்மா நிற்கிறது. யாராயிருந்தாலும் கை அரிக்கும்.

அதற்கு நானூறு வருடத்துக்கு முன் இருந்தவர்கள் கற்களை உடைக்கவில்லை, குழி வெட்டிச் சாய்த்துப் புதைத்தார்கள். பழைய மதத்துப் பேய்க்கல் என்ற பயம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. உழுவதற்கு இடைஞ்சல் என்பதும் இருந்திருக்கலாம். எப்படியோ, பயந்து புதைத்த கல் தப்பித்தது, பயன் கருதி உடைத்த கல் போனது.

1938இல் அப்படிப் புதைந்த ஒரு கல்லை எடுத்தபோது அடியில் ஓர் ஆளின் எலும்புக்கூடு. கூடவே கத்தரிக்கோல், கூரான இரும்புக் கருவி ஒன்று, 1320களைச் சேர்ந்த வெள்ளிக்காசுகள். ஊர் ஊராகப் போய் முடிவெட்டி, ரத்தமும் எடுக்கும் நாவிதராக இருப்பார், புதைக்கும்போது கல் சாய்ந்து மாட்டிக்கொண்டார் என்றார்கள். எலும்பு லண்டனுக்குப் போய், போர்க்காலக் குண்டுவீச்சில் அழிந்ததாக நம்பப்பட்டு, 1990களின் கடைசியில் ஓர் அருங்காட்சியகச் சேமிப்பில் கிடைத்தது. மறுபடி பார்த்ததில், கல் நசுக்கியதற்கான அடையாளம் இல்லையாம். அப்படியானால் எப்படிச் செத்தார்? எதற்காகக் கல்லுக்கடியில்? பப்பில் அரை பைன்ட் சைடரோடு இதையே யோசித்துக்கொண்டிருந்ததில் ஒரு பஸ் போய்விட்டது.

புதைந்தவற்றைத் தோண்டி நிறுத்தியவர் அலெக்சாண்டர் கெய்லர். டண்டீ மார்மலேட் குடும்பத்து வாரிசு. 1930களில் நிலங்களை வாங்கி, கற்களை நிமிர்த்தி, இல்லாத இடத்தில் சிமென்ட் கட்டை வைத்தார். நல்ல காரியம்தான். ஆனால் வட்டத்துக்குள் இருந்த சில வீடுகளையும் இடித்தார். அங்கிருந்தவர்கள் மேற்கே ஏவ்பரி ட்ரூஸ்லோ பக்கம் புது வீடுகளுக்குப் போனார்கள். போன கல்லுக்குக் கட்டை நட்டார்கள். போன வீட்டுக்கு நான் பார்த்தவரை ஒன்றும் இல்லை.

28 ஏப்ரல், ஞாயிறு

மார்ல்பரோவுக்குத் தென்மேற்கே வெஸ்ட் உட்ஸ். அலுவலக நண்பர் காரில் கூட்டிப்போனார். ப்ளூபெல் பூக்கும் பருவம். பீச் மரங்களில் இலை அப்போதுதான் துளிர்த்திருந்தது. அது விரிந்து நிழல் கட்டுவதற்குள் பூத்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் தரை முழுக்க நீலம். ஊதா என்றும் சொல்லலாம், வெயில் பட்டால் ஒரு நிறம், நிழலில் வேறு. போனில் எடுத்த முப்பது படத்தில் ஒன்றிலும் அந்த நிறம் வரவில்லை.

பூப்பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது எந்தக் காடு என்று தெரியுமா, தெரியாது. ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் இங்கிருந்து போனவை, 25 கிலோமீட்டர் இழுத்து. அது தெரியவந்த கதை அருமை. 1958இல் ஸ்டோன்ஹெஞ்சில் விரிசல் விட்ட ஒரு கல்லை இறுக்குவதற்காகத் துளை போட்டார்கள். துளையிலிருந்து வந்த ஒரு மீட்டர் நீளக் கல்தண்டு ஒன்றை வேலை பார்த்த ஒருவர் ஞாபகத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டார். அது அவரோடு அமெரிக்காவுக்குப் போய், தொண்ணூறு வயதை நெருங்கும்போது 2018இல் அவர் மனம் வைத்ததால் திரும்பி வந்தது. அதிலிருந்து துண்டெடுத்து ஆராய்ந்து, மற்றக் கற்களோடு ஒப்பிட்டு, 2020இல் முடிவைச் சொன்னார்கள்: 52 சார்சன் கற்களில் 50 ஒரே இடத்துக் கல், இந்தக் காட்டோடு பொருந்துகிறது.

பாதையோரம் பாசி படிந்து ஒரு கல் கிடந்தது. எடுத்துப்போகாமல் விட்டவற்றில் ஒன்று. மேல் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம்.

11 மே, சனி

நேற்று ராத்திரி இங்கிலாந்து முழுக்க வானத்தில் துருவ ஒளி. பத்து மணிக்கே தூங்கிவிட்டேன். காலையில் எல்லாரும் படம் அனுப்புகிறார்கள். சரி, விடுங்கள்.

ஆறுதலுக்கு சில்பரி குன்று. மனிதர்கள் கொட்டிய மண்மலை. 39 மீட்டர் உயரம், கி.மு. 2400ஐ ஒட்டியது. உள்ளே என்ன என்று 1776இல் உச்சியிலிருந்து கிணறு மாதிரி தோண்டினார்கள், 1849இல் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டினார்கள், 1968இல் தொலைக்காட்சியே வந்து நிற்க மறுபடி சுரங்கம். ராஜாவும் இல்லை, தங்கமும் இல்லை. கிடைத்தது புல், பாசி, மண். 2000ஆம் ஆண்டு பழைய கிணறு வாய் பிளந்து உச்சியில் பெரிய பள்ளம் விழுந்தது. கடைசியில் எல்லாவற்றையும் சுண்ணாம்புக்கல் போட்டு நிரப்பி மூடினார்கள். இப்போது ஏற அனுமதி இல்லை. ஏறியவர்கள் தடம் மட்டும் புல்லில் தெரிகிறது.

சாலையைத் தாண்டி, கென்னட் ஆற்றின் சின்னப் பாலம் ஏறி, வயலோரமாக மேலே போனால் வெஸ்ட் கென்னட் நீள்புதைமேடு. ஏவ்பரி வட்டத்தைவிடப் பழையது, கி.மு. 3650 வாக்கில் கட்டியது. நூறு மீட்டர் நீளம், ஆனால் உள்ளே ஐந்தே அறை. குனிந்து நுழைந்ததும் தலைக்கு மேல் விர்ரென்று ஏதோ பறந்தது. தகைவிலான் குருவி, கல்லிடுக்கில் கூடு. இங்கே முப்பத்தாறு பேரைப் போல வைத்திருந்தார்கள், குழந்தைகளும் உண்டு. அவ்வளவு பெரிய மேட்டைக் கட்டியும் அவர்களை வைத்தது ஒரு தலைமுறைக் காலம் மட்டும்தானாம். நான் வெளியே வரும்வரை குருவி வேலிக் கம்பியில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

27 மே, திங்கள்

மறுபடி வங்கி விடுமுறை. மனைவியும் வந்தாள். ஓவர்ட்டன் குன்றில், லாரிகள் பறக்கும் ஏ4 சாலையோரம் சாங்க்சுவரி என்ற பழைய கல்வட்டம் இருந்த இடம். இங்கே ஒரு கல்கூட இல்லை. 1723-24இல் ஸ்டூக்லி காலத்திலேயே உடைத்து எடுத்துவிட்டார்கள். இடமே மறந்துபோய், 1930இல் மாட் கன்னிங்டன் என்ற பெண்மணி தோண்டிக் கண்டுபிடித்தார். கல் நின்ற இடத்துக்கும் மரத்தூண் நின்ற இடத்துக்கும் வேறு வேறு மாதிரி சிமென்ட் கட்டை, குட்டையாக, வட்டம் வட்டமாக. 17ஆம் நூற்றாண்டில் மார்ல்பரோ வைத்தியர் ஒருவர் இந்தப் பக்கம் தோண்டி மூட்டை மூட்டையாக மனித எலும்பு எடுத்துப்போய் மருந்து செய்தாராம். "குணமாச்சாமா?" என்றாள். ஆச்சு என்றுதான் அவர் எழுதியிருக்கிறார்.

சாலைக்கு எதிரே ரிட்ஜ்வே பாதை ஆரம்பம். இங்கிருந்து ஐவிங்கோ வரை 87 மைல். நாங்கள் இரண்டு மைல். சுண்ணாம்புப் பாதை ஈரத்தில் வழுக்கியது. வானம்பாடி ஒன்று கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்து நிறுத்தாமல் பாடியது. கிழக்கே ஃபைஃபீல்டு டவுன் சரிவில் சார்சன் கற்கள், யாரும் நிறுத்தாதவை, உடைக்காதவை, நூற்றுக்கணக்கில் கிடந்தபடி. தூரத்திலிருந்து ஆட்டு மந்தை என்றே தோன்றுவதால் இவற்றுக்கு 'சாம்பல் கடாக்கள்' என்று பெயர். இன்று நிஜ ஆடுகளும் நடுவில் படுத்திருந்தன. ஒன்றை ஆடு என்று பந்தயம் கட்டித் தோற்றேன்.

தேடி அலைந்து, நாங்கள் பார்க்க வந்த ஒரு கல்லைக் கண்டுபிடித்தோம். கற்காலத்தவர் கற்கோடரி தீட்டிய கல். மேலே கைப்பிடி அகலத்தில் வழவழப்பான பள்ளம், பக்கத்தில் விரல் நுழையும் கோடுகள் வரிசையாக. ஓரத்தில் பின்னாளில் யாரோ ஆப்படித்துப் பிளக்கப் பார்த்த தடமும் இருக்கிறது. மனைவி பள்ளத்தில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாள். "அம்மி தேஞ்சா இப்படித்தாங்க இருக்கும்."

நானும் வைத்துப் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது. கோடுகளில் தண்ணீர் நிறைகிற வரை நின்றுவிட்டு, பஸ்ஸுக்கு இறங்கினோம்.